அரைத்ததும் பறக்கும் காப்பி மணம்!

சேவுகம்பட்டியில் நின்று பார்த்தால் கீழ்ப்பழனி மலை தெரியும். அந்த மலையில்தான் காப்பி விளைகிறது.

திண்டுக்கல் மாவட்டம், நிலக்கோட்டை வட்டத்தில் உள்ள பேரூர் சேவுகம்பட்டி. பக்கத்து ஊர் பட்டிவீரன்பட்டி. அங்கிருந்து அய்யம்பாளையம் போய் மலை ஏறினால் பெரும்பாறை, தடியன்குடிசை, தாண்டிக்குடி என்று ஊர்கள் வரும். வழியெல்லாம் காப்பித் தோட்டம். காப்பிச் செடிக்கு நிழல் தர சில்வர் ஓக், பலா மரங்கள். மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி. நடுநடுவே மலை வாழை, ஆரஞ்சு.

கோடை மழை ஒன்று விழுந்தால் போதும். சில நாளில் செடி முழுவதும் வெள்ளைப் பூ. மல்லிகைத் தோட்டத்துக்குள் நுழைந்ததுபோல் மணக்கும். கார்த்திகை, மார்கழியில் சிவப்புச் சிவப்பாகப் பழம் பழுக்கும்.

இந்தியக் காப்பியை அதிகம் வாங்கும் நாடுகளில் முன்வரிசையில் நிற்பது இத்தாலி. "எஸ்பிரஸோ" என்ற கெட்டிக் காப்பி பிறந்த நாடும் அதுதான். நம் நாட்டுக் கொட்டை கடல் கடந்து போய் அங்கே மணக்கிறது. ஆனால் மலையடிவாரத்து வீட்டில்?

சேவுகம்பட்டிப் பக்கம் இப்படி ஒரு காட்சி நடந்தால் வியப்பில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வருகிறான். கையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் எஸ்பிரஸோ மெஷின். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது. அலமாரியில் இருந்த காப்பித்தூளை எடுத்துப் போடுகிறான். மெஷின் உறுமுகிறது. காப்பி வருகிறது. அம்மா ஒரு வாய் குடிக்கிறாள்.

"என்னப்பா இது, கசாயம் மாதிரி இருக்கு?"

"பொடி எப்ப வாங்கினதும்மா?"

"போன மாசம் உங்கப்பா வாங்கினது. நல்லாத்தானே மூடி வச்சிருக்கேன்!"

மெஷின் மேல் குற்றம் இல்லை. அம்மா மேலும் குற்றம் இல்லை. மணம் எப்போதோ போய்விட்டது!

கொட்டைக்கு மூன்று பருவம்

காப்பிக்கொட்டையின் வாழ்வில் மூன்று பருவங்கள் உண்டு. பச்சைக் கொட்டை, வறுத்த கொட்டை, அரைத்த பொடி. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு.

பச்சைக் கொட்டைதான் நீண்ட ஆயுள் உடையது. ஈரம் படாமல் வைத்தால் பல மாதம் கெடாது. மலையில் பறித்த பழத்தின் தோலை உரித்து, கொட்டையைக் கழுவி, வெயிலில் உலர்த்துகிறார்கள். அதன்மேல் இன்னும் ஓர் ஓடு ஒட்டிக்கொண்டிருக்கும். நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவுக்கு ஈரம் குறையும் வரை காய வேண்டும். அதற்கு மேல் ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் கொட்டை நொறுங்கும். பிறகு ஓட்டை நீக்கி, பெரிது சிறிது பார்த்துத் தரம் பிரிப்பார்கள். இந்த வேலைக்குப் பெயர் "கியூரிங்". பட்டிவீரன்பட்டி நெடுங்காலமாக இந்தத் தொழிலுக்குப் பேர் போன ஊர். சென்னை தியாகராய நகரில் "பாண்டி பஜார்" இருக்கிறதே, அந்தப் பெயருக்கு உரிய டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார் இந்தப் பட்டிவீரன்பட்டிக்காரர்தான். காப்பித் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர்.

ஏறத்தாழ 6 கிலோ பழம் பறித்தால் 1 கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். அதை வறுக்கும்போது எடை இன்னும் குறையும். நூற்றுக்குப் 15 முதல் 20 பங்கு வரை ஆவியாகப் போய்விடும். ஒவ்வொரு கொட்டைக்கும் பின்னால் எத்தனை பேர் கை இருக்கிறது, பாருங்கள்! விலையும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா காப்பி ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம், 4 டாலரைத் தாண்டியது. அதுவரை காணாத விலை. அப்படிப்பட்ட பொருளை வாங்கி வந்து, மணம் போகவிட்டுக் குடிப்பது வீட்டுக்கு நஷ்டம் அல்லவா?

வறுத்த கொட்டையின் ஆயுள் வாரக் கணக்கு. வறுக்கும்போது கொட்டைக்குள் கரியமில வாயு உண்டாகிறது. அது மெல்ல மெல்ல வெளியேறும். எஸ்பிரஸோ போடுவதானால் வறுத்த அன்றே அரைக்கக்கூடாது. வாயு பொங்கி, காப்பி ஒரே நுரையாக வரும். ஏறத்தாழ ஒரு வாரம் பொறுக்க வேண்டும். அதிலிருந்து மூன்று, நான்கு வாரம்தான் நல்ல காலம்.

கடையில் விற்கும் சில பொட்டலங்களின் மேல் சட்டைப் பொத்தான் போல ஒன்று இருக்கும். அழகுக்காக வைத்தது அல்ல. அது ஒரு வழிக் கதவு. உள்ளே இருக்கும் வாயு வெளியே போகும். வெளிக்காற்று உள்ளே வராது.

பொடியின் கதை வேறு. கொட்டை முழுதாக இருக்கும்வரை மணம் உள்ளே பூட்டிக் கிடக்கிறது. அரைத்துவிட்டால் ஒரு கொட்டை ஆயிரக்கணக்கான துண்டாகிறது. ஒவ்வொரு துண்டையும் காற்று தொடுகிறது. சில நிமிடத்திலேயே மணம் கிளம்பிவிடும். அரைக்கும்போது தெருமுனை வரை மணக்கிறதே என்று மகிழ்கிறோம். தெருவுக்குப் போன மணம் டம்ளருக்கு வராது!

நிலக்கோட்டை மல்லிகையைக் காலையில் பறித்தால் அன்றே விற்றாக வேண்டும். காப்பிப்பொடியையும் அந்தப் பூவைப்போல நினைத்துக்கொள்ளலாம்.

எங்கே வைப்பது?

காற்று, ஈரம், சூடு, வெளிச்சம். இந்த நான்கும் கொட்டைக்கு ஆகாது. நம் சமையலறையில் இந்த நான்கும் தாராளமாக உண்டு! அடுப்புக்கு மேல் அலமாரியில் டப்பாவை வைக்கிறோம். தினமும் சூடு ஏறி இறங்குகிறது. கண்ணாடி பாட்டிலில் போட்டு ஜன்னல் ஓரம் வைக்கிறோம். பார்க்க அழகு. வெயில் பட்டுக் கொட்டை கெடுகிறது. பெருங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கேட்கவே வேண்டாம். காப்பிக்கொட்டை பிற வாசனையை இழுத்துக்கொள்ளும்.

இறுக மூடும் எவர்சில்வர் டப்பா நல்லது. டப்பா சிறியதாக இருக்கட்டும். பெரிய டப்பாவில் கால்வாசிக் கொட்டை கிடந்தால் மீதி முக்கால்வாசியும் காற்றுத்தான். பொத்தான் வைத்த பொட்டலமாக இருந்தால், உள்ளே இருக்கும் காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை மடித்துக் கிளிப் போட்டு வைத்தாலே போதும். இடம் எது? அடுப்பை விட்டுத் தள்ளி, இருட்டான அலமாரி.

"பிரிட்ஜில் வைக்கலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. தினமும் எடுத்துத் திறக்கும் கொட்டையைப் பிரிட்ஜில் வைக்கக்கூடாது. குளிர்ந்த கொட்டை மேல் வெளிக்காற்று பட்டதும் பனி பூத்து ஈரமாகிவிடும். நேற்றைய மீன் குழம்பு வாசனையும் சேர்ந்துகொள்ளும். மாதக்கணக்கில் வைக்க வேண்டியிருந்தால், ஐஸ் உறையும் பெட்டியில் வைக்கலாம். அதற்கு ஒரு முறை உண்டு. ஒரு வாரத்துக்கு ஆகும் அளவாகச் சின்னச் சின்னப் பொட்டலம் கட்டிக் காற்றுப் புகாமல் மூட வேண்டும். ஒன்றை வெளியே எடுத்தால் அதன் குளிர் முழுவதும் விட்ட பிறகே பிரிக்க வேண்டும். பிரித்ததை மறுபடி உள்ளே வைக்கக்கூடாது.

எல்லாவற்றையும்விட எளிய வழி, கொஞ்சமாக வாங்குவது. மலிவாகக் கிடைக்கிறது என்று 2 கிலோ வாங்கி மூன்று மாதம் குடிப்பதில் லாபம் இல்லை.

திருகையும் மிக்சியும்

முன்பு பல வீடுகளில் பச்சைக் கொட்டையை வாங்கி வைத்திருப்பார்கள். அவ்வப்போது வாணலியிலோ உருளையிலோ போட்டு வறுப்பார்கள். மேசை ஓரத்தில் திருகி மாட்டிய கைமெஷினில் அன்றன்றைக்கு அரைப்பார்கள். கைப்பிடியைச் சுற்றுவது வீட்டுப் பிள்ளைகளின் வேலை. பாட்டிமார் செய்த அந்த முறையைத்தான் இன்று உலகமெங்கும் காப்பிப் பிரியர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசுகிறார்கள்!

பிறகு மிக்சி வந்தது. கைமெஷின் பரணுக்குப் போனது. மிக்சியில் என்ன குறை? அதன் பிளேடு கொட்டையை வெட்டுகிறது. அடியில் அகப்பட்டது மாவாகிறது. மேலே துள்ளியது ரவையாக நிற்கிறது. பிளேடு சுற்றச் சுற்றச் சூடும் ஏறுகிறது. பில்டர் காப்பி இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். எஸ்பிரஸோ பொறுக்காது.

எஸ்பிரஸோவுக்குத் தேவை திருகை. உளுந்து உடைக்கும் திருகையை நினைத்துப் பாருங்கள். இரண்டு கல். நடுவே சிறு இடைவெளி. அந்த இடைவெளி அளவுக்கு உடைந்த பிறகுதான் பருப்பு வெளியே வரும். காப்பி அரைக்கும் நல்ல மெஷினும் அப்படித்தான். இரண்டு பற்சக்கரங்கள் கல்லுக்குப் பதிலாக இருக்கும். இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. கையால் சுற்றுவதும் கிடைக்கிறது, மின்சாரத்தில் ஓடுவதும் கிடைக்கிறது. மெஷினுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்காதவர் வீட்டில் எஸ்பிரஸோ தினம் ஒரு ருசியாகத்தான் இருக்கும்.

ஏன் அப்படி? 1901-ல் மிலான் நகரத்து லூயிஜி பெசெரா என்பவர் நீராவி வேகத்தில் காப்பி இறக்கும் மெஷினுக்கு உரிமை பெற்றார். அதில் அழுத்தம் குறைவு. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948-ல், அதே நகரத்து அக்கில்லே காஜ்ஜியா நெம்புகோல் வைத்த மெஷினைக் கொண்டுவந்தார். அது முதல் காப்பி மேல் பொன்னிற நுரை படரத் தொடங்கியது. இன்றைய மெஷின் காற்றழுத்தத்தைப் போல 9 மடங்கு வேகத்தில் வெந்நீரைப் பொடிக்குள் தள்ளுகிறது. கார் டயரில் இருப்பதைப் போல் நாலு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் கலியாண வீடுகளில் "எஸ்பிரஸோ" என்று தருகிறார்களே, அது வேறு. பெரும்பாலும் இன்ஸ்டன்ட் காப்பித்தூளையும் பாலையும் கலந்து, நீராவி பீய்ச்சி நுரை கிளப்பியது. அதுவும் ருசிதான். ஆனால் பெயர் மட்டுமே சொந்தம்!

9 மடங்கு அழுத்தத்தில் வரும் தண்ணீர் சும்மா இருக்காது. பொடியில் எங்கே இளக்கம் இருக்கிறது என்று தேடும். ரவையும் மாவும் கலந்து கிடந்தால் இளகிய பக்கமாகப் பாய்ந்து ஓடிவிடும். அந்தப் பக்கம் கசக்கும். மறுபக்கம் இறங்காமலே நின்று புளிக்கும். ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும்!

கணக்கு இதுதான்

18 கிராம் பொடி. அதிலிருந்து 36 கிராம் காப்பி. இறங்கும் நேரம் 25 முதல் 30 விநாடி. இதைத் தொடக்கக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். பொடி, தூள் உப்பைவிடச் சற்று நைஸாக இருக்க வேண்டும். கரண்டி அளவு உதவாது. சின்னத் தராசு ஒன்று வேண்டும்.

15 விநாடியில் சரசரவென்று கொட்டிவிட்டதா? ருசி புளிப்பாக, தண்ணீராக இருக்கும். அரைவையை ஒரு புள்ளி நைஸாக்க வேண்டும். 40 விநாடி ஆகியும் சொட்டுச் சொட்டாக விழுகிறதா? கசக்கும். ஒரு புள்ளி பெரிதாக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். அரைவையையும் அளவையும் சேர்த்து மாற்றினால் எதனால் ருசி மாறியது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

சரியாகக் கிடைத்த அளவு நிலையாக இருக்குமா என்றால், இருக்காது. கொட்டை பழசாகப் பழசாக காப்பி வேகமாக இறங்கும். கொஞ்சம் நைஸாக்க வேண்டிவரும். சித்திரை வெயிலுக்கு ஒரு புள்ளி, ஐப்பசி மழைக்கு ஒரு புள்ளி என்று மாறும். அன்றாடம் தேவையான கொட்டையை மட்டும் நிறுத்து அரைப்பதே நல்லது.

அரைக்கும்போது பொடி மெஷினில் ஒட்டிக்கொண்டு பறக்கிறதா? உரசலில் உண்டாகும் மின்சாரம்தான் காரணம். அரைக்கும் முன் கொட்டையில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் போதும். 2023-ல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தார் இதை ஆராய்ந்து, பலன் உண்டு என்று காட்டினார்கள்.

மிக்சியைச் சுத்தம் செய்ய அரிசி போட்டு ஓட்டும் பழக்கம் உண்டு. இந்த மெஷினில் அதைச் செய்ய வேண்டாம். அரிசி காப்பிக்கொட்டையைவிடக் கடினமானது. பிரஷ்ஷால் தட்டினால் போதும். சிக்கரி கலந்த பொடியையும் எஸ்பிரஸோ மெஷினில் போடக்கூடாது. சிக்கரி ஊறிக் குழைந்து துளையை அடைக்கும். அது பில்டருக்கே ஏற்றது.

இன்னொன்று. காப்பி போர்டின் அந்தக் கால முறையில், தோட்டக்காரர்கள் விளைச்சலைப் போர்டிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. 1990-களில் அந்தக் கட்டு தளர்ந்தது. 1996-ல் முழுதும் நீங்கியது. இப்போது தோட்டக்காரரே வறுத்து விற்கலாம். ஆகவே வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். "வறுத்த தேதி" போட்டிருக்கிறதா? கடைசித் தேதி மட்டும் போட்டிருந்தால் கடைக்காரரிடம் கேட்கலாம்.

சேவுகம்பட்டி மகன் மறுநாள் புதிதாக வறுத்த கொட்டை கால் கிலோ வாங்கி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். பரணில் கிடந்த கைமெஷினை இறக்கித் துடைக்கிறான். அரை மணி நேரம் திருகைத் திருகித் திருகிப் பார்க்கிறான். நான்காவது கோப்பை 27 விநாடியில் இறங்குகிறது. தேன் போன்ற நிறம். அம்மா வாங்கி முகர்ந்து பார்க்கிறாள். ஒரு வாய் குடிக்கிறாள்.

"மணமாத்தான் இருக்கு. கொஞ்சம் பால் ஊத்திக்கலாமா தம்பி?"

ஊற்றிக்கொள்ளலாம். இத்தாலியிலும் காலை வேளையில் பால் ஊற்றித்தான் குடிக்கிறார்கள்.