குறையைச் சொல்பவர் குற்றவாளியா?

“ஐயா, இந்த இணையதளத்தில் என் பதிவெண்ணுக்குப் பதிலாக அடுத்த எண்ணைப் போட்டால் வேறொருவருடைய விவரம் வருகிறது” என்று ஒரு மாணவர் நம்மிடம் வந்து சொன்னால் என்ன பதில் சொல்வோம்? “உனக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை?” என்று அதட்டலாம். “கெட்டிக்காரன்!” என்று தட்டிக்கொடுத்து, இன்னும் என்னென்ன வருகிறது என்று பார்க்கச் சொல்லலாம். இரண்டுமே தவறான பதில்கள் என்று நான் கருதுகிறேன். சரியான பதிலைச் சொல்ல வேண்டுமானால், இதில் சட்டம் என்ன சொல்கிறது, அறம் என்ன சொல்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மிசௌரியில் நடந்தது

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 2021 அக்டோபரில் நடந்த நிகழ்வு ஆசிரியர்களோடு நேரடித் தொடர்பு உடையது. அம்மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தில், ஆசிரியர்களின் சான்றிதழ் விவரங்களைப் பொதுமக்கள் தேடிப் பார்க்கும் வசதி இருந்தது. செயின்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பாட்ச் நாளிதழின் செய்தியாளர் ஒருவர், அந்தப் பக்கங்களின் மூல நிரலுக்குள் ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள் இருப்பதைக் கண்டார். வரி, வங்கிக் கடன் என எல்லாவற்றுக்கும் அங்கே அடிப்படையான எண் அது. திரையில் அது தெரியாது. ஆனால் மூல நிரலைப் பார்க்கும் வசதி எல்லா உலாவிகளிலும் உண்டு. அதற்குக் கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் இவ்வாறு வெளிப்படும் நிலையில் இருந்ததாக அந்த நாளிதழ் எழுதியது.

நாளிதழ் முதலில் துறைக்குத் தகவல் தந்தது. துறை குறையைச் சரிசெய்யும் வரை காத்திருந்து, அதன் பிறகே செய்தியை வெளியிட்டது. ஆனால் ஆளுநர் மைக் பார்சன் அந்தச் செய்தியாளரை ஹேக்கர் என்று சாடினார். சட்ட நடவடிக்கை பாயும் என எச்சரித்தார். காவல் விசாரணையும் நடந்தது. 2022 பிப்ரவரியில் அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடர மறுத்த பிறகே விவகாரம் முடிந்தது.

எண்களைப் பக்கத்துக்குள் வைத்தது தளத்தின் குறை. அதைச் சொன்னவரோ 4 மாதங்கள் வழக்கு வருமோ என்ற நிலையில் இருக்க நேர்ந்தது. இதைப் பார்க்கும் அடுத்தவர் என்ன கற்றுக்கொள்வார்? ‘கண்டாலும் காணாததுபோல் இருந்துவிடு’ என்பதைத்தான். அதனால் இழப்பு யாருக்கு? அந்த எண்களுக்கு உரிய ஆசிரியர்களுக்கு.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இதற்குப் பொருந்தும். உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றி ஒரு கணினியை அணுகுவதும், அதிலுள்ள தரவுகளைப் பதிவிறக்குவதும் நகலெடுப்பதும் 43-ஆவது பிரிவின்கீழ் வருகின்றன. இழப்பீடு தர நேரிடலாம். அதே செயலை நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்தால், 66-ஆவது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது ரூ.5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். ‘பாதுகாக்கப்பட்ட அமைப்பு’ என அரசு அறிவித்த கணினிகளை அனுமதியின்றி அணுக முயல்வதே 70-ஆவது பிரிவின்படி குற்றம். தண்டனை 10 ஆண்டுகள் வரை நீளலாம்.

ஆக, நோக்கத்தைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் நல்லெண்ணத்தோடு குறையைத் தேடுபவருக்கு விலக்கு என்று தனியே சொல்லும் பிரிவு இச்சட்டத்தில் இல்லை. தற்செயலாகக் கண்ணில் பட்டது வேறு. பட்ட பின்பு ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்ப்பது வேறு. இந்த வேறுபாட்டை மாணவருக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

குறைகளைத் தெரிவிக்க அரசே ஒரு வழி வைத்திருக்கிறது. செர்ட்-இன் எனப்படும் தேசிய அமைப்பு 2004 முதல் இயங்குகிறது. குறைபாடு பற்றிய தகவலைப் பெற்று, உரியவரிடம் பேசிச் சரிசெய்ய வைப்பது அதன் பணிகளுள் ஒன்று. ஆனால் அங்கே தெரிவித்துவிட்டதாலேயே முன்பு செய்த அத்துமீறல் சரியாகிவிடாது.

யாரிடம், எப்போது சொல்வது?

அடகுக் கடையின் பின்கதவு இரவில் திறந்து கிடப்பதை ஒருவர் பார்க்கிறார். உள்ளே போய் நகைகளை எண்ணிப் பார்ப்பது தவறு. தெருவில் நின்று கூவினால் திருடனுக்கும் கேட்கும். கடைக்காரரை எழுப்பிச் சொல்வதே முறை. அவர் எழுந்து வராவிட்டால் பேசாமல் போய்விடலாமா? உள்ளே இருப்பவை ஊராரின் நகைகள் ஆயிற்றே! இணையதளத்தில் உள்ள விவரங்களும் அப்படித்தான். அவை தளத்தை நடத்துபவருடையவை அல்ல, நம்பிக் கொடுத்தவர்களுடையவை.

எனவேதான் முதலில் உரிமையாளரிடம் சொல்லி, சரிசெய்ய அவகாசம் தருவது வழக்கமாயிற்று. கூகுள் நிறுவனத்தின் புராஜெக்ட் ஜீரோ குழு பொதுவாக 90 நாள் அவகாசம் தருகிறது. நெதர்லாந்து அரசு 2013-இலேயே இதற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. முறையாகத் தெரிவிப்பவர்களுக்கு ஒரு வேடிக்கையான டி-ஷர்ட்டைப் பரிசாகவும் தருகிறது. பல நிறுவனங்கள் எதைச் சோதிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று முன்கூட்டியே எழுதி அறிவித்து, குறை காண்போருக்குப் பரிசு தருகின்றன. அங்கே அனுமதி முதலிலேயே கிடைத்துவிடுகிறது.

வகுப்பறையில் என்ன சொல்லலாம்?

11-ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் கணினி நன்னெறியும் இணையப் பாதுகாப்பும் பாடமாகவே உள்ளன. அதை நடத்தும்போது நான் ஐந்து செய்திகளை வலியுறுத்துவேன்.

1. கண்டவுடன் நிறுத்து. உறுதிசெய்கிறேன் என்று மேலும் திறந்து பார்க்காதே.
2. நாள், நேரம், பக்க முகவரி, கண்டது என்ன என்பதைக் குறித்துவை. பிறர் விவரங்களைச் சேமிக்காதே.
3. நண்பர்களுக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ அனுப்பாதே.
4. ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல். அவர்கள் வழியாகத் தளத்தின் பொறுப்பாளருக்கு எழுத்து மூலம் தெரிவி. பதில் இல்லையென்றால் செர்ட்-இன் இருக்கிறது.
5. ‘பணம் தந்தால்தான் சொல்வேன், இல்லையேல் வெளியிடுவேன்’ என்று ஒருபோதும் சொல்லாதே. அது மிரட்டிப் பணம் பறிப்பதாகிவிடும்.

ஆசிரியருக்கும் கடமை உண்டு. மாணவர் சொன்னது உண்மையா என்று நாமே சோதித்துப் பார்க்கக் கூடாது. தலைமையாசிரியருக்குத் தெரிவித்து, தகவல் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கவனிக்க வேண்டும். அதற்குள் மாணவரின் பெயர் ஊரெல்லாம் பரவாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கான பயிற்சியை நம் பள்ளியிலேயே தொடங்கலாம். கணினி ஆய்வகத்தில் திரையின் ஓரத்தில் கடவுச்சொல்லை எழுதி ஒட்டியிருப்பதை ஒரு மாணவி சுட்டிக்காட்டினால், ‘நீ ஏன் அதைப் பார்த்தாய்?’ என்று கேட்காமல், அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றிவிட்டு அவருக்கு நன்றி சொல்வோம். குறையைச் சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வளரும்.