மேலே மழை, கீழே வெயில்: ஜெராய் மலைக்குப் போகிறவர்களுக்கு

செமிலிங்கில் நின்று வடக்கே பார்த்தால் ஜெராய் மலை கண்ணை நிறைக்கும். உயரம் சுமார் 1,200 மீட்டர்தான். ஆனாலும் அதைச் சுற்றி வயல்வெளியும் கடலோரச் சமவெளியுமாக இருப்பதால், தனித்து நிற்கும் அம்மலை வெகு தொலைவிலிருந்தே தெரியும். வங்கக் கடலைக் கடந்து கடாரம் வந்த பழங்காலக் கப்பலோட்டிகளுக்கு இதுவே வழிகாட்டி. மலையடிவாரத்தில் மெர்போக் அருகே பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகள் இருப்பதும் தற்செயலன்று.

இப்படித் தனித்து நிற்பதே இம்மலையை மழை மலையாகவும் ஆக்குகிறது. மலாக்கா நீரிணையிலிருந்து வீசும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. 100 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறையும். ஆகவே, உச்சி அடிவாரத்தைவிட ஏழு பாகை குளிர்ச்சியாக இருக்கும். குளிர்ந்த காற்றிலுள்ள ஈரம் மேகமாகித் திரண்டு மழையாகக் கொட்டுகிறது. அந்நேரம் அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம்!

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஜெராயின் ஆறுகள் நீளம் குறைந்தவை, சரிவு மிகுந்தவை. உச்சியில் பெய்த மழை சிறிது நேரத்திலேயே கீழே வந்து சேர்ந்துவிடும். விழுந்த மரங்களும் பாறைகளும் ஓடையை அடைத்துக்கொண்டால், பின்னால் தேங்கும் நீர் ஒரேயடியாக உடைத்துக்கொண்டு பாயும். மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் யான், மெர்போக் பகுதிகளில் மரங்களையும் சேற்றையும் புரட்டிக்கொண்டு இறங்கிய வெள்ளம் உயிர்களையும் பலிகொண்டது.

அதற்காக மலைக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. குருண் பக்கமிருந்து மேலே செல்லச் சாலை உண்டு. துப்பா, தித்தி ஹாயுன் நீர்வீழ்ச்சிகள் குடும்பத்தோடு பொழுதுபோக்க ஏற்றவை. குளிக்க இறங்குமுன் மலையுச்சியை ஒருமுறை பாருங்கள். உச்சியைக் கருமேகம் மூடியிருந்தால் ஆற்றில் இறங்க வேண்டாம். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலேயிருந்து இரைச்சல் கேட்டாலோ, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். பையையும் செருப்பையும் எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.