இனிக்குதேன்னு குடிக்கலாமா?

குட்டீஸ்! மழைக்காலம் வந்துவிட்டால் வகுப்பில் என் குரலைவிட உங்கள் இருமல் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். அப்படி ஒரு நாள், ஆறாம் வகுப்பில் கணக்குப் பாடம். கடைசி பெஞ்சில் ஒரு பையன் மேஜையில் தலை சாய்த்துத் தூங்கினான். தட்டி எழுப்பினேன், கண்ணைத் திறக்க முடியவில்லை. நாக்கு குழறியது. பக்கத்துப் பையன் மெதுவாகச் சொன்னான்: "டீச்சர், அவன் தங்கச்சியோட இருமல் மருந்தை காலையில ஜூஸ் மாதிரி குடிச்சான்!"

ஆட்டோவில் தூக்கிப் போட்டு மருத்துவமனைக்கு ஓடினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பாட்டில் எங்கே?" என்பதுதான். யாரிடமும் இல்லை. அவன் அம்மா வீட்டுக்கு ஓடி எடுத்து வரும்வரை நாங்கள் தவித்த தவிப்பு இருக்கிறதே! எனவே, யாராவது மருந்தை அதிகமாகக் குடித்துவிட்டால் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள், 108க்கு போன் செய்யச் சொல்லுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள்.

இருமல் நம் எதிரி அல்ல. மூச்சுக்குழாயில் சேரும் சளியையும் தூசியையும் வெளியே தள்ள உடம்பு செய்யும் வேலை அது. சாதாரண ஜலதோஷ இருமல் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். சில இருமல் மருந்துகளோ மூளையில் வேலை செய்து தூக்கத்தை வரவழைக்கும். 'கோடீன்' கலந்த மருந்து நம் கல்லீரலில் மார்ஃபினாக மாறுகிறது. சிலருக்கு இந்த மாற்றம் மிக வேகமாக நடந்து மூச்சே திணறிப் போகும். அமெரிக்காவில் 2018ல், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த இருமல் மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அளவு விஷயத்துக்கு வருவோம். சீட்டில் 5 மில்லி என்று எழுதியிருந்தால் 5 மில்லிதான். ஒரு டேபிள் ஸ்பூன் 15 மில்லி பிடிக்கும். அதில் ஊற்றினால் மூன்று மடங்கு மருந்து! சமையலறை ஸ்பூன்களோ ஆளுக்கொரு அளவு. பாட்டிலோடு வரும் கோடு போட்ட மூடியை மேஜையில் வைத்து, குனிந்து, கண்ணுக்கு நேராகப் பார்த்து ஊற்றச் சொல்லுங்கள். அண்ணனுக்கு எழுதிய மருந்து தம்பிக்கு ஆகாது. குழந்தையின் எடையையும் வயதையும் பார்த்துத்தான் டாக்டர் அளவு எழுதுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லவே மனசு கனக்கிறது. 2025ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் 'டைஎத்திலீன் கிளைக்கால்' என்ற, இனிப்பான, நிறமில்லாத விஷம் கலந்திருந்தது. நாக்கால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அதன் பிறகு மத்திய அரசு, 2 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்தே எழுதக்கூடாது என்று டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது. ஆகவே உங்கள் வீட்டுப் பாப்பாவுக்கு யாராவது பழைய பாட்டிலை எடுத்தால், "டாக்டரைக் கேட்டீங்களா?" என்று தைரியமாகக் கேளுங்கள். மருந்து குடித்தபின் பாப்பா வாந்தி எடுத்தாலோ, சிறுநீர் போகாமல் இருந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிதான்.

எங்கள் பையன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? இரண்டு நாளில் தேறி வந்துவிட்டான். அன்றிலிருந்து அவன் அம்மா மருந்து பாட்டிலைப் பூட்டிய பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவில்தான் வைத்தார்!