இரண்டு தட்டு தட்டினால் நண்பன்!

குட்டி நண்பர்களே, ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அடடா, மூடிவிட்டால் எப்படிப் படிப்பீர்கள்? சரி, திறந்தே இருக்கட்டும். கற்பனை மட்டும் செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் பெரியவராகிவிட்டீர்கள். தோளில் ஒரு பை. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரத்தில் தன்னந்தனியாக வந்து இறங்கியிருக்கிறீர்கள். அங்கே எல்லோரும் பேசுவது போர்ச்சுகீசிய மொழி. உங்களுக்கோ அதில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. தெரிந்தவர் என்று அந்த ஊரில் ஒருவரும் இல்லை. சாயங்காலம் ஒரு கதவைத் தட்டி உள்ளே போகிறீர்கள். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வரும்போது உங்களைச் சுற்றிப் பத்துப் பேர்! ஒருவர் உங்கள் தோளில் கை போட்டிருக்கிறார். இன்னொருவர் தெருமுனைக் கடைக்கு இழுத்துப் போய், அசாய் என்ற கருநீலப் பழத்தின் கூழை ஐஸ்கிரீம் போலக் குளிரக் குளிர வாங்கித் தருகிறார்.

அந்தக் கதவுக்குப் பின்னால் அப்படி என்ன நடந்தது?

சண்டை! பத்துப் பேரோடும் மாறி மாறிக் கட்டிப் புரண்டு சண்டை போட்டீர்கள். அதனால்தான் நண்பர்களானீர்கள்.

என்ன, குழப்பமாக இருக்கிறதா? இந்தச் சண்டைக்குப் பெயர் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு. இதில் குத்து கிடையாது, உதை கிடையாது. நம்ம ஊர் மல்யுத்தம் போலப் பிடித்துக் கீழே தள்ளி, தரையிலேயே உருண்டு புரண்டு, எதிராளியின் கையையோ கழுத்தையோ அசைக்க முடியாதபடி மடக்க வேண்டும். மல்யுத்தத்தில் முதுகு தரையில் பட்டால் தோல்வி. இங்கே அப்படி இல்லை. மல்லாந்து படுத்தபடியே இரண்டு காலாலும் எதிராளியின் இடுப்பை வளைத்துப் பிடித்து, கீழே இருந்தே ஜெயிக்கலாம்!

இது எப்படிச் சாத்தியம்? கடப்பாரையால் பெரிய கல்லைப் புரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அறிவியல் பாடத்தில் வரும் நெம்புகோல்தான் அது. ஜியு-ஜிட்சுவிலும் அதே தந்திரம்தான். எதிராளியின் ஒரே ஒரு முழங்கையை மடக்க உங்கள் இரண்டு கை, இரண்டு கால், இடுப்பு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும். அவர் எவ்வளவு பெரிய பயில்வானாக இருந்தாலும் அவருடைய முழங்கை அந்தப் பக்கம் மடங்காது அல்லவா?

அப்படி மாட்டிக்கொண்டவர் என்ன செய்வார்? எதிராளியின் உடம்பிலோ தரையிலோ 'டப் டப்' என்று இரண்டு தட்டு தட்டுவார். கை சிக்கிக்கொண்டிருந்தால் காலால் தரையைத் தட்டலாம், வாயாலும் சொல்லலாம். "போதும், விட்டுவிடு" என்று அதற்கு அர்த்தம். தட்டிய அந்த நொடியே விட்டுவிட வேண்டும். 'இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்ப்போமே' என்ற பேச்சுக்கே இடமில்லை. விட்டதும் இருவரும் கையோடு கை தட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் உங்கள் கழுத்தையே கொடுக்கிறீர்கள். அவர் பேசும் மொழி உங்களுக்குப் புரியாது. ஆனால் நீங்கள் தட்டியதும் அவர் விட்டுவிடுகிறார். அடுத்த முறை அவர் தட்டுகிறார், நீங்கள் விடுகிறீர்கள். ஐந்து நிமிடத்தில் இப்படி மூன்று நான்கு முறை நடந்துவிட்டால், அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்கு நன்றாகவே தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தால்கூட சில பேரைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதில்லை!

ஊர் சுற்றிய ஜப்பானியர்

ஜியு-ஜிட்சு என்பது ஜப்பானியச் சொல். 'ஜியு' என்றால் மென்மை, வளைந்து கொடுத்தல். 'ஜிட்சு' என்றால் கலை. அப்புறம் ஏன் பிரேசிலின் பெயர் ஒட்டிக்கொண்டது? அதற்குக் காரணம் ஊர் ஊராகச் சுற்றிய ஒரு மனிதர்.

அவர் பெயர் மிட்சுயோ மயேதா. 1878-ல் ஜப்பானில் பிறந்தவர். ஆள் குள்ளம், உயரம் வெறும் 164 சென்டிமீட்டர்தான். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ, 1882-ல் டோக்கியோவில் கோடோகன் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். மயேதா பயின்றது அங்கேதான். 1904-ல் தோமிதா என்ற மூத்த ஆசிரியரோடு சேர்ந்து, ஜூடோவைப் பரப்புவதற்காக அமெரிக்காவுக்குப் போனார்.

1905-ல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் ஒரு வேடிக்கை நடந்ததாகச் சொல்வார்கள். அங்கிருந்த மல்யுத்த மாணவர் ஒருவர் மயேதாவைக் கீழே தள்ளி, முதுகைத் தரையில் அழுத்திவிட்டு, "நான்தான் ஜெயித்தேன்!" என்று நினைத்துக்கொண்டார். மயேதாவுக்கோ அந்த விதியே தெரியாது. அவர் பாட்டுக்குச் சண்டையைத் தொடர்ந்து, மாணவரின் மூட்டை மடக்கிப் பிடித்து விட்டாராம். இரண்டு பேருக்கும் ஜெயித்த மாதிரிதான்!

அதன் பிறகு மயேதா ஒரே ஊரில் நிற்கவில்லை. இங்கிலாந்து, ஸ்பெயின், கியூபா, மெக்சிகோ என்று சுற்றிக்கொண்டே இருந்தார். போன இடங்களில் உள்ளூர் பயில்வான்களோடு மோதினார். அவர்களுடைய பிடிகளையும் தெரிந்துகொண்டார். ஸ்பெயினில் அவருக்கு 'கோன்டே கோமா' என்ற பட்டப்பெயர் கிடைத்தது. கோன்டே என்றால் பிரபு. கடைசியில் 1914-ல் பிரேசிலுக்கு வந்தார். பிறகு அமேசான் நதி கடலில் சேரும் பகுதியில் உள்ள பெலெம் என்ற ஊரில் வீடு வாசல் என்று தங்கிவிட்டார். 1941-ல் அங்கேயே காலமானார்.

1917 வாக்கில், பெலெம் நகர நாடக அரங்கில் மயேதா செய்து காட்டிய வித்தையைப் பதினான்கு, பதினைந்து வயதுப் பையன் ஒருவன் வாயைப் பிளந்தபடி பார்த்தான். கார்லோஸ் கிரேசி என்பது அவன் பெயர். மயேதாவிடம் மாணவனாகச் சேர்ந்தான். கற்றதைத் தன் தம்பிகளுக்கும் சொல்லிக் கொடுத்தான். அந்தக் காலத்தில் ஜூடோவையே 'கானோ ஜியு-ஜிட்சு' என்றும் அழைத்தார்கள். அதனால் இவர்கள் வீட்டில் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

தம்பிகளில் கடைக்குட்டி எலியோ, மெலிந்த உடம்புக்காரர். நான் மேலே சொன்ன கடப்பாரைத் தந்திரத்துக்கு முக்கியத்துவம் கொடுத்தவர் என்று இவரைச் சொல்வார்கள்.

தோற்றவர் வைத்த பெயர்

1951-ல் ஜப்பானின் பிரபல ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா ரியோவுக்கு வந்தார். புகழ்பெற்ற மரக்கானா கால்பந்து மைதானத்தில் எலியோவுக்கும் அவருக்கும் போட்டி. கிமுரா உருவத்தில் பெரியவர். இரண்டாவது சுற்றில் எலியோவின் கையைப் பின்பக்கமாக முறுக்கிப் பிடித்துவிட்டார். எலியோ தட்டவே இல்லை! கை முறியும் நிலைக்குப் போன பிறகும் தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ்தான் பதறிப்போய்த் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினார்.

இது வீரமா, பிடிவாதமா? என்னைக் கேட்டால் பிடிவாதம் என்றுதான் சொல்வேன். தட்டுவதில் அவமானம் எதுவும் இல்லை. இன்று உலகம் முழுவதும் ஆசிரியர்கள் முதல் நாளே சொல்லித் தருவது, "சீக்கிரம் தட்டு" என்பதைத்தான்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிரேசில்காரர்கள், தங்களைத் தோற்கடித்த அந்தப் பிடிக்கு ஜெயித்தவருடைய பெயரையே வைத்துவிட்டார்கள். இன்று எந்த நாட்டுப் பயிற்சிக்கூடத்துக்குப் போனாலும் 'கிமுரா' என்று சொன்னால் போதும், எல்லோருக்கும் புரிந்துவிடும்.

வெள்ளை பெல்ட் இளவரசர்

கதை அதோடு முடியவில்லை. கிரேசி குடும்பத்தினரும் அவர்களிடம் கற்றவர்களும் அமெரிக்காவுக்குப் போய்ப் பள்ளிகள் தொடங்கினார்கள். சான் டியேகோ நகரில் நெல்சன் மோன்டெய்ரோ என்ற பிரேசில்காரர் நடத்திய பள்ளிக்கு, 1990-களில் ஓர் அரபு நாட்டு மாணவர் வந்து சேர்ந்தார். "என் பெயர் பென்" என்று மட்டும் சொன்னார். எல்லோரையும் போல வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டார், எல்லோரையும் போல மாட்டிக்கொண்டு தட்டினார்.

அந்தப் 'பென்' யார் தெரியுமா? ஐக்கிய அரபு நாட்டை உருவாக்கிய ஷேக் சயீதின் மகன், ஷேக் தஹ்னூன்! விஷயம் ஆசிரியருக்குப் பிறகுதான் தெரிந்ததாம். படிப்பு முடிந்து ஊர் திரும்பிய இளவரசர், தன் ஆசிரியரையும் அபுதாபிக்கு அழைத்துக்கொண்டார். 1998-ல் அங்கே ஒரு பெரிய சர்வதேசப் போட்டி தொடங்கியது. 2008-ல் அபுதாபி பள்ளிகளில் ஜியு-ஜிட்சு ஒரு பாடமாகவே வந்துவிட்டது. உங்கள் மாமாவோ சித்தப்பாவோ அபுதாபியில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

துரோகி என்று சொன்ன காலம்

எல்லாம் இப்படி இனிமையாகவே இருந்ததா என்றால், இல்லை. பிரேசிலில் ஒரு பள்ளிக்கும் இன்னொரு பள்ளிக்கும் ஆகவே ஆகாது. இந்தப் பள்ளி மாணவன் அந்தப் பள்ளியில் போய்க் கற்றுக்கொண்டால் அவனைக் 'கிரியோன்டே' என்று திட்டுவார்கள். அது ஒரு டி.வி. தொடரில் அடிக்கடி கட்சி மாறும் பாத்திரத்தின் பெயர். கார்ல்சன் கிரேசி என்ற ஆசிரியர் சொல்ல ஆரம்பித்து, துரோகி என்பதற்கு மறுபெயராகவே ஆகிவிட்டது. நண்பன் வீட்டுக்கு விளையாடப் போனதற்காக உங்கள் தெருப் பையன்கள் உங்களோடு 'கா' விட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான்!

டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் கிராகார்ட் என்ற தாடிக்கார இளைஞருக்கு இந்தக் கட்சி கட்டல் பிடிக்கவில்லை. 2011-ல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். 140 நாட்கள் உலகத்தைச் சுற்றினார். போகும் ஊரில் எல்லாம், எந்தக் கட்சிப் பள்ளி என்று பார்க்காமல் உள்ளே போய் எல்லோரோடும் உருண்டார். முன்பின் தெரியாதவர்கள் அவரைத் தங்கள் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார்கள். ஊர் திரும்பியதும் அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். 'யாரும் யாரோடும் பயிற்சி செய்யலாம், அதற்குச் சந்தா கிடையாது, சட்டையில் எந்தச் சின்னமும் கட்டாயம் கிடையாது' என்று ஒரு கூட்டத்தையும் ஆரம்பித்தார். அதில் சேர்ந்தவர்கள், ஊர் விட்டு ஊர் வருகிறவர்களுக்குப் பயிற்சி செய்ய விரிப்பும் படுக்க இடமும் இலவசமாகத் தருகிறார்கள்.

பையில் என்ன இருக்கும்?

இப்படிக் கிளம்புகிறவர் பையில் முக்கியமாக இருப்பது தடித்த பருத்திச் சட்டையும் கால்சட்டையும். பிரேசிலில் இதைக் கிமோனோ என்பார்கள். வேர்வையில் நனைந்துவிட்டால் லேசில் காயாது. அதை ஈரத்தோடு பையில் அடைத்துக்கொண்டு ரயிலில் போனால், பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார்!

அப்புறம், நகவெட்டி. நகம் வளர்த்தவரை விரிப்பில் ஏற விடமாட்டார்கள். மோதிரம், சங்கிலி எல்லாம் கழற்றிவிட வேண்டும். விரிப்பில் வெறுங்காலோடுதான் இருக்க வேண்டும். ஆனால் விரிப்பைவிட்டு இறங்கினால் செருப்புப் போட்டே தீர வேண்டும், கழிப்பறை அழுக்கு விரிப்புக்கு வரக் கூடாது அல்லவா? புதிதாக வந்தவர் முதலில் ஆசிரியரிடம் அனுமதி கேட்பார். பிறகு அங்கே இருக்கும் ஒவ்வொருவரிடமும் போய்க் கை குலுக்குவார்.

இடுப்பில் கட்டும் பெல்ட்டும் பேசும். பெரியவர்களுக்கு வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்று வரிசை. கறுப்பு பெல்ட் வாங்கச் சாதாரணமாகப் பத்து வருடம்கூட ஆகும். உங்கள் வயதுக்காரர்களுக்கு வெள்ளை, சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை. நீல பெல்ட் வேண்டுமென்றால் 16 வயது ஆகும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

ரியோவில் கோபகபானா, இபனேமா என்ற இரண்டு பிரபல கடற்கரைகளுக்கு நடுவே கான்டகாலோ என்றொரு குன்று. அதில் அடுக்கடுக்காக ஏழைகளின் வீடுகள். அங்கே வளர்ந்து உலகச் சாம்பியன் ஆன பெர்னாண்டோ டெரெரே, அந்தக் குன்றிலேயே பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். வெளிநாட்டு ஆட்கள் மூச்சு வாங்கப் படியேறிப் போய் அங்கே பயில்கிறார்கள். ஆறடி ஆளாக இருந்தாலும், கற்ற பிள்ளைகளிடம் மாட்டினால் 'டப் டப்'தான்!

உங்களுக்கும் கை துறுதுறுக்கிறதா? ஒரு எச்சரிக்கை. கழுத்தைப் பிடிப்பது, கையை முறுக்குவது எல்லாம் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான். வீட்டில் தம்பி, தங்கையிடம் வேண்டவே வேண்டாம்.

அதற்குப் பதில் முதல் நாள் பாடத்தைச் செய்து பாருங்கள். இதற்கு 'இறால்' என்று பெயர். தரையில் பாயை விரித்து மல்லாந்து படுங்கள். ஒரு காலை மடித்துப் பாதத்தை ஊன்றுங்கள். ஊன்றிய காலால் தரையை உந்தி, ஒருக்களித்தபடி இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். உடம்பு இறால் மீன் மாதிரி வளையும். மறுபடி நேராகி, இப்போது அடுத்த கால். இப்படியே பாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வேண்டும். மேலே ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கும்போது கறுப்பு பெல்ட்காரர்களும் தப்பிப்பது இப்படித்தான்.

பாய் கிழிந்து அம்மா கேட்டால், என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்!