உஷார்! பிள்ளையின் குறட்டை நல்ல தூக்கம் இல்லை

கனகம்மாசத்திரத்துப் பெற்றோர்களே, பிள்ளை வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டால் "அசந்து தூங்குறான்" என்று சந்தோஷப்படாதீர்கள். சளி பிடித்த நாலு நாள் குறட்டை வேறு. வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மாதக்கணக்கில் தொடரும் குறட்டை வேறு. இடையில் சத்தம் நின்று, மூச்சே இல்லாமல் சில நொடி போய், பிறகு திணறி இழுக்கிறானா? தலையைப் பின்னுக்குச் சாய்த்தே படுக்கிறானா? தலையணை வியர்வையில் நனைகிறதா? நின்றுபோன பழக்கம் திரும்பிவந்து பாயை நனைக்கிறானா? தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடுகிறதோ என்று உடனே சந்தேகப்படுங்கள். இந்தப் பிள்ளைகள் பகலில் தூங்கி வழிவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பலர் ஓரிடத்தில் உட்காராமல் அலைவார்கள், எரிந்து விழுவார்கள். 'சேட்டைக்காரன்' என்று பள்ளியில் திட்டு வாங்குவார்கள். பாவம், இரவெல்லாம் மூச்சுக்குப் போராடிய பிள்ளை அது.

இன்னொரு ஆபத்து செல்போன் வழியாக வருகிறது. "தாடை சின்னது, அண்ணத்தை விரித்தால் மூச்சு சரியாகிவிடும்" என்கிறார்கள். வாயில் டேப் ஒட்டித் தூங்க வைக்கவும் சொல்கிறார்கள். மூக்கு அடைத்த குழந்தையின் வாயையும் அடைப்பதா? தயவுசெய்து வேண்டாம்.

மேல்தாடை குறுகி, மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே விழுந்து கடிக்கும் பிள்ளைக்கு அண்ணத்தை விரிக்கும் 'விரிப்பான்' கருவி நல்ல சிகிச்சைதான். அண்ணத்தின் நடு மூட்டு பருவ வயதுக்கு முன் இறுகியிருக்காது. கருவியின் திருகைத் திருப்பத் திருப்ப அது அகலும், மூக்கின் உள்வழியும் ஓரளவு விரியும். அதற்காக எல்லாக் குறட்டைக்கும் அதுவே மருந்தாகிவிடாது. பல் சீரமைப்புத் தேவையே இல்லாத குழந்தைக்கு, தூக்க மூச்சடைப்பைத் தடுப்பதற்கென்று மட்டும் விரிப்பான் போடக்கூடாது என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர் சங்கமே 2019 அறிக்கையில் சொல்லிவிட்டது. நாக்கை அண்ணத்தில் ஒட்டிவைத்தால் முகமே மாறும் என்று இணையத்தில் பிரபலமான லண்டன் பல் மருத்துவர் மைக் மியூவை, குழந்தைகளுக்கு அவர் அளித்த சிகிச்சை தொடர்பான விசாரணைக்குப் பிறகு, 2024 நவம்பரில் பிரிட்டன் பல் மருத்துவக் கவுன்சில் பதிவேட்டிலிருந்தே நீக்கியது.

இரண்டிலிருந்து எட்டு வயதுக்குள் பெரும்பாலும் அடைப்பது வீங்கிய டான்சிலும், மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும்தான். அதனால் பல் கிளினிக்குக்கு முன் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். எல்லாருக்கும் ஆபரேஷன் என்றும் பயப்பட வேண்டாம். 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஐந்து முதல் ஒன்பது வயதுவரையான 464 குழந்தைகளைக் கவனித்தார்கள். ஏழு மாதத்தில், ஆபரேஷன் செய்தவர்களில் 79 சதவீதத்தினருக்குத் தூக்கப் பரிசோதனை சரியானது. செய்யாமல் காத்திருந்தவர்களிலும் 46 சதவீதத்தினருக்குச் சரியானது. யாருக்குக் கத்தி, யாருக்கு மூக்கு ஸ்பிரே, யாருக்குக் காத்திருப்பு என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

இன்று இரவே சட்டையைக் கழற்றி, நெஞ்சும் வாயும் தெரிய இரண்டு நிமிடம் வீடியோ எடுங்கள். அறையை மூடிக் கொசுவத்தி கொளுத்தாதீர்கள். நெடுஞ்சாலைப் புழுதியே அந்த மூக்குக்குப் போதும். வீடியோவோடு திருத்தணி அரசு மருத்துவமனைக்கோ, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். தூக்கப் பரிசோதனை தேவைப்பட்டால் எங்கே செய்வது என்று அங்கேயே கேளுங்கள். தாடை குறுகல் என்று டாக்டர் சொன்னால், சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுப்பியும் பிள்ளை சரியாக எழாவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.