சுட்டிய ஒளி இனி சுடும்
கார்கிலில் குண்டுக்கு வழி காட்டிய லேசர், கர்னூலில் ட்ரோனை எரித்திருக்கிறது. ஆனால் மேகமும் மனிதக் கண்ணும் எழுப்பும் கேள்விகள் மிச்சமிருக்கின்றன.

நாடே அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தது. மங்கலான கருப்பு வெள்ளைத் திரை. நடுவில் ஒரு குறுக்குக்கோடு. சில விநாடிகளில் ஒரு வெடிப்பு. 1999 ஜூன் 24 அன்று, கார்கில் பகுதியின் டைகர் ஹில் மலையில் இருந்த எதிரியின் பதுங்குகுழியை இந்திய விமானப் படையின் மிராஜ்-2000 தாக்கியபோது எடுத்த படம் அது. அன்றைய தளபதி ஏ.ஒய். டிப்னிஸ், இன்னொரு மிராஜில் பறந்தபடியே தாக்குதலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் தெரியாத ஒன்றுதான் அன்றைய கதாநாயகன்: லேசர் ஒளிக்கற்றை.

ஒரு மாதத்துக்கு முன்புவரை நிலைமை வேறு. மே 27 அன்று இரண்டு மிக் விமானங்களை விமானப் படை இழந்திருந்தது. மறுநாள் ஒரு எம்ஐ-17 ஹெலிகாப்டர், தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைக்குப் பலியானது. அந்த ஏவுகணைகளுக்கு எட்டாத உயரத்தில் பறப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து போடும் சாதாரண குண்டு, காற்று மெலிந்த மலைச் சிகரங்களில் குறி தவறியது. எல்லைக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று அரசின் கண்டிப்பான உத்தரவு வேறு.

சிக்கலைத் தீர்த்தது இஸ்ரேலியத் தயாரிப்பான லைட்டனிங் என்ற கருவி. விமானத்தின் அடியில் பொருத்தப்படும் இது, இலக்கின் மீது லேசர் துடிப்புகளைப் பாய்ச்சும். அங்கே பட்டுச் சிதறும் ஒளியைக் குண்டின் மூக்கிலுள்ள உணர்கருவி தேடும். ஒளி இடப்பக்கம் அதிகமாக விழுந்தால் குண்டின் சிறகுகள் அதை இடப்பக்கம் திருப்பும். ஒவ்வொரு குண்டுக்கும் தனித் துடிப்புச் சங்கேதம் உண்டு. எனவே பக்கத்து விமானத்தின் லேசரைப் பார்த்து அது ஏமாறாது. வெறும் இரும்பும் வெடிமருந்துமாக இருந்த பழைய குண்டுக்குக் கண் முளைத்தது இப்படித்தான்.

ஆனாலும் டைகர் ஹில்லை லேசர் பிடித்துத் தரவில்லை. பத்து நாள் கழித்து, ஜூலை 4 அன்று, இருட்டில் செங்குத்துப் பாறைகளில் ஏறிய காலாட்படை வீரர்கள்தான் பிடித்தார்கள்.

இந்த ஒளி பிறந்தது 1960 மே 16 அன்று. கலிஃபோர்னியாவில் தியோடர் மைமன் ஒரு செயற்கை மாணிக்கக் கல்லிலிருந்து முதல் லேசரை வரவழைத்தார். உடனே பத்திரிகைகள் 'மரணக் கதிர்' என்று எழுதின. ராணுவங்களுக்குக் கிடைத்ததோ ஓர் அளவுகோலும் ஒரு சுட்டுவிரலும். ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்து தூரத்தைக் கணிக்கலாம். விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் ஆனால், இலக்கு 150 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று பொருள். நமது அர்ஜுன் டாங்கியின் பீரங்கியும் இந்தக் கணக்கை நம்பித்தான் சுடுகிறது. சுட்டுவிரலின் வலிமை தெரிந்தது வியட்நாமில். 1965 முதல் நூற்றுக்கணக்கான முறை பறந்தும் அமெரிக்கர்களால் வீழ்த்த முடியாத தான் ஹோவா பாலம், 1972 மே மாதத்தில் லேசர் குண்டுகளுக்கு முன் சரிந்தது.

எரிக்கும் ஆசை மட்டும் விடவில்லை. 1983இல் அதிபர் ரீகன் அறிவித்து, 'நட்சத்திரப் போர்' என்று கேலி செய்யப்பட்ட திட்டத்தின் கனவுகளில் லேசருக்கு முக்கிய இடம் இருந்தது. பிறகு ஒரு போயிங் 747 விமானத்தின் மூக்கில் ரசாயன லேசரைப் பொருத்தினார்கள். 2010 பிப்ரவரியில் அது ஒரு ஏவுகணையை வீழ்த்தியும் காட்டியது. பல நூறு கோடி டாலர் விழுங்கிய பிறகு, போர்க்களத்துக்கு ஒத்துவராது என்று அதைக் கைவிட்டார்கள்.

கனவைத் தூசி தட்டி எடுக்க வைத்தது ட்ரோன். 2025 மே 8ஆம் தேதி இரவு, 36 இடங்களைக் குறிவைத்து 300 முதல் 400 ட்ரோன்களை பாகிஸ்தான் அனுப்பியதாக இந்திய அரசு கூறியது. மலிவான ட்ரோனை வீழ்த்த விலை உயர்ந்த ஏவுகணையைச் செலவழிப்பது, கொசுவை அடிக்கப் பீரங்கியைத் தூக்குவது போல. லேசருக்குத் தேவை மின்சாரம் மட்டுமே. தனது டிராகன்ஃபயர் லேசரால் ஒருமுறை சுட 10 பவுண்டுக்கும் குறைவாகவே ஆகும் என்று 2024இல் பிரிட்டன் கணக்குச் சொன்னது. சுமார் ஆயிரம் ரூபாய்.

இந்தியாவும் இந்தப் பந்தயத்தில் இருக்கிறது. 2025 ஏப்ரல் 13 அன்று, ஆந்திராவின் கர்னூல் அருகே பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ., வண்டியில் ஏற்றிய லேசர் ஆயுதத்தைச் சோதித்தது. இறக்கை உள்ள ஆளில்லா விமானத்தையும் கூட்டமாக வந்த ட்ரோன்களையும் அது வீழ்த்தியது. அதன் திறன் சுமார் 30 கிலோவாட் என்கின்றன செய்திகள். அதாவது, பதினைந்து வீட்டு கெய்சர்களின் மொத்தத் திறன் ஒரு மெல்லிய ஒளிக்கற்றையில். அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று ஒடிசா கடற்கரையில், ஏவுகணைகளோடு சேர்ந்த ஒருங்கிணைந்த வான் பாதுகாப்பு அமைப்பிலும் லேசர் இடம்பெற்றது.

வெற்றிதான். ஆனால் கணக்கில் சில கழித்தல்களும் உண்டு. குண்டு பட்ட கணத்தில் வேலை முடிந்துவிடும். லேசரோ ஓடும் இலக்கின் ஒரே புள்ளியில் சில விநாடிகள் அசையாமல் நிற்க வேண்டும். ஒன்றை எரித்த பிறகுதான் அடுத்ததற்குத் திரும்ப முடியும். மேகம், மூடுபனி, ராஜஸ்தானின் புழுதி எல்லாமே ஒளியைக் குடித்துவிடும். குறி தப்பிய கற்றை நிற்காமல் வானில் போய்க்கொண்டே இருக்கும். அந்த வழியில் பயணிகள் விமானமும் வரலாம். ஆகவே லேசர், துப்பாக்கிக்கும் ஏவுகணைக்கும் துணை. அவற்றுக்கு மாற்று அல்ல.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, மனிதக் கண். குண்டுக்கு வழி காட்டும் லேசர் நம் பார்வைக்குப் புலப்படாது. ஆனால் கண்ணின் லென்ஸைத் தாண்டி விழித்திரையில் போய்க் குவியும். வெளிச்சம் தெரியாததால் இமைக்கு மூடத் தோன்றாது. போன பார்வையோ பெரும்பாலும் திரும்பாது.

இதை உலகம் முன்கூட்டியே உணர்ந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சிக்குப் பிறகு, 1995 அக்டோபரில் வியன்னாவில், நிரந்தரமாகக் குருடாக்குவதற்கென்றே செய்யப்படும் லேசர் ஆயுதங்களுக்குத் தடை பிறந்தது. போர்க்களத்தில் பரவுவதற்கு முன்பே ஓர் ஆயுதம் தடை செய்யப்பட்டது அபூர்வம். இந்தியாவும் இதை ஏற்றிருக்கிறது. ஆனால் ஓட்டை இருக்கிறது. வேறு நோக்கத்தில் பாய்ச்சிய லேசரால் தற்செயலாகப் பார்வை போனால் அது தடைக்குள் வராது. தற்காலிகமாகக் கண்ணைக் கூசவைக்கும் லேசருக்கும் தடையில்லை. 2023 பிப்ரவரியில் சீனக் கடலோரக் காவல் கப்பல் பாய்ச்சிய லேசரால் தங்கள் மாலுமிகள் சற்று நேரம் பார்வை இழந்ததாக பிலிப்பைன்ஸ் குற்றம்சாட்டியது. தற்காலிகத்துக்கும் நிரந்தரத்துக்கும் நடுவே இருப்பது சில நூறு மீட்டர் தூரமும், எதிராளி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதும்தான்.

வாட் கணக்கு ஏற ஏற இந்தக் கேள்வியும் கனக்கும். ட்ரோனின் உலோகத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளிக்கு, கீழே நிற்பவன் வீரனா விவசாயியா என்று தெரியாது. எல்லைக் கிராமங்களின் வானத்தைக் காக்க லேசர் தேவைதான். ஆனால் யார், எந்தத் திசையில், எவ்வளவு நேரம் பாய்ச்சலாம் என்ற விதிகளும் அதே வண்டியில் ஏறிச் செல்ல வேண்டும். குண்டுக்குக் கண் கொடுத்த ஒளி, மனிதனின் கண்ணைப் பறித்துவிடக் கூடாது.