நிழலுக்கும் வண்ணம்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினரை ஏற்றிச் சென்ற எம்3 வண்டியின் முன்புறம் லாரியைப் போன்ற சக்கரங்கள் இருக்கும். பின்புறம் டாங்கியைப் போன்ற தடப்பட்டைகள் சுழலும். அதனால் அதனை ‘ஹாஃப்-டிராக்’ என்றனர். ஆறு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுள்ள இவ்வண்டி, 1:35 அளவு மாதிரியில் ஏறத்தாழ 18 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. ஓட்டுநரின் உயரமோ 5 சென்டிமீட்டர்தான்!

1:35 என்பது விந்தையான அளவு. ஜப்பானின் தாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் பேந்தர் டாங்கியின் மாதிரியை உருவாக்கியபோது, மோட்டாரும் மின்கலங்களும் உள்ளே அடங்கும்படி அதன் அளவை முடிவு செய்தது. பின்னர் கணக்கிட்டபோது அது ஏறத்தாழ 1:35 ஆக இருந்தது. இன்று இராணுவ வண்டி மாதிரிகளில் அதுவே பரவலான அளவு.

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டுவதற்குப் பொறுமை போதும். வீரர்களை அமர்த்துவதுதான் சிக்கல். வண்டிக்குள் ஒட்டிவிட்டால் அவர்களின் கால்களைத் தூரிகை எட்டாது. ஆகவே, முதலில் பசையின்றி இருக்கையில் வைத்து, ஓட்டுநரின் கைகள் ஸ்டீரிங்கைத் தொடுகின்றனவா என்று பார்ப்பர். பிறகு, வெளியே எடுத்துத் தனியாக வண்ணம் தீட்டுவர்.

இங்குதான் கலைஞரின் திறன் வெளிப்படுகிறது. இவ்வளவு சிறிய சட்டை மடிப்புகளில் அறை வெளிச்சம் ஆழ்ந்த நிழலை உண்டாக்காது. ஒரே பச்சையைப் பூசினால் வீரர் பொம்மையாகவே தெரிவார். எனவே, மடிப்பின் பள்ளத்தில் அடர்ந்த நிறத்தையும் மேட்டில் வெளிறிய நிறத்தையும் தீட்டி, இல்லாத நிழலை வரவழைக்கின்றனர். கண்களுக்கு வெள்ளைப் புள்ளி வைத்தால் முகம் திடுக்கிட்டது போலாகிவிடும். இமையோரம் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்றே போதும்.